ஓடாமலே கெட்டுப்போகும் மோட்டார் சைக்கிள்!

மகனுக்குத் துபாயில் வேலை கிடைக்கிறது. இரண்டு வருட ஒப்பந்தம். புறப்படுவதற்கு முதல் நாள் தன் மோட்டார் சைக்கிளை அவன் கழுவுகிறான். ஈரம் காய்வதற்குள் மாடிப்படிக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்துகிறான். மேலே ஒரு பிளாஸ்டிக் பாயைப் போட்டு, கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறான். "அப்பா, வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து வையுங்கள்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறுகிறான்.

அப்பாவும் சொன்னபடி செய்கிறார். முதல் மாதம் ஒரே உதையில் வண்டி கிளம்புகிறது. மூன்றாவது மாதம் பத்து உதை வேண்டியிருக்கிறது. ஐப்பசி மழை பிடித்ததும், எத்தனை உதைத்தாலும் அது வாயைத் திறப்பதில்லை. அப்பாவுக்குக் கால் வலித்ததுதான் மிச்சம்.

மெக்கானிக் வருகிறார். கார்புரேட்டரைக் கழற்றுகிறார். டேங்கை முகர்ந்து பார்க்கிறார். பேட்டரியைத் தட்டிப் பார்க்கிறார். கடைசியில் அவர் எழுதிக் கொடுக்கும் சீட்டைப் பார்த்தால், மகன் அனுப்பிய பணத்தில் பாதி அதற்கே போய்விடும் போலிருக்கிறது!

யாரும் வண்டியைக் கீழே போடவில்லை. யாரும் எதன் மேலும் மோதவில்லை. கழுவியது, மூடியது, வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்தது எல்லாமே நல்ல எண்ணத்தோடு செய்தவை. ஆனால் செய்த விதம் வண்டிக்குக் கெடுதல்.

இப்படி நிற்கும் வண்டிகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. கால் எலும்பு முறிந்து படுத்தவரின் வண்டி. விடுதியில் சேர்ந்த கல்லூரி மாணவனின் வண்டி. பேறுகாலத்துக்குத் தாய்வீடு போன பெண்ணின் ஸ்கூட்டர். 2020-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி ஊரடங்கு தொடங்கியபோது நாட்டிலுள்ள வண்டிகளில் பெரும்பாலானவை ஒரே நாளில் நின்றன. ஊரடங்கு தளர்ந்த பிறகு மெக்கானிக் கடை வாசலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றவர்களுக்கு அந்த அனுபவம் மறந்திருக்காது.

பெட்ரோலும் ஊசிப்போகும்!

சாம்பார் ஊசிப்போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். பெட்ரோலும் ஊசிப்போகும் என்பது பலருக்குத் தெரியாது.

பெட்ரோல் என்பது ஒரே பொருள் அல்ல. பல எண்ணெய்களின் கலவை. அவற்றில் சில மிகவும் இலேசானவை. குளிர்ந்து கிடக்கும் என்ஜினில் முதலில் தீப்பிடிப்பது அந்த இலேசான பகுதிதான். வண்டி நின்றுகொண்டே இருந்தால், அதுதான் முதலில் ஆவியாகிப் பறந்துவிடுகிறது. மீதி இருப்பது காற்றுடன் சேர்ந்து மெல்ல மெல்லக் கெட்டியாகிறது. கடைசியில் வேப்பமரத்துப் பிசின் போல ஒட்டிக்கொள்கிறது. நல்ல பெட்ரோலுக்கு ஒரு வாசனை உண்டு. கெட்டுப்போன பெட்ரோல் பழைய வார்னிஷ் போல நாறும். நிறமும் மாறிவிடும்.

இந்தப் பிசின் டேங்கில் படிந்தால்கூடப் பெரிய மோசம் இல்லை. கார்புரேட்டரில் படிந்தால்தான் தொல்லை. கார்புரேட்டரின் அடியில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கிறது. அதில் சிறிதளவு பெட்ரோல்தான் எப்போதும் நிற்கும். அதிலிருந்து என்ஜினுக்குப் பெட்ரோல் போகும் துவாரங்களில் மிகச் சிறியது அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. குண்டூசி நுழையாத அந்தத் துவாரத்தில் ஒரு பொட்டுப் பிசின் போதும். வண்டி கிளம்பாது!

இப்போது இன்னொரு சங்கதியும் சேர்ந்திருக்கிறது. அதுதான் எத்தனால்.

எத்தனால் என்பது ஒரு வகைச் சாராயம். கரும்பிலிருந்தும், மக்காச்சோளம், அரிசி முதலிய தானியங்களிலிருந்தும் எடுக்கிறார்கள். நம் நாட்டில் பெட்ரோலுடன் 5 சதவிகித எத்தனால் கலக்கும் திட்டம் 2003-ம் ஆண்டில் சில மாநிலங்களில் தொடங்கியது. 2022 ஜூன் மாதத்தில் அது 10 சதவிகிதத்தை எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 சதவிகிதம் கலந்த பெட்ரோல் சில பங்குகளில் விற்பனைக்கு வந்தது. இப்போது நாடெங்கும் அதுதான் சாதாரணப் பெட்ரோல்.

இது நல்லதா, கெட்டதா என்ற சண்டைக்கு இங்கே போக வேண்டாம். தினமும் ஓடும் வண்டியில் பெட்ரோல் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். நிற்கும் வண்டியில்தான் எத்தனாலின் குணம் வெளியே தெரியும்.

அடுப்படியில் உள்ள உப்பு ஜாடியைப் பாருங்கள். கோடையில் பொலபொலவென்று இருக்கும். கார்த்திகை மாதத்தில் கசகசவென்று ஈரமாகிவிடும். காற்றிலுள்ள ஈரத்தை உப்பு இழுத்துக்கொள்கிறது. எத்தனாலுக்கும் இதே குணம். தண்ணீரைக் கண்டால் விடாது. வெறும் பெட்ரோலோ தண்ணீருடன் சேரவே சேராது. எத்தனால் ஓரளவு தண்ணீரைப் பிடித்துப் பெட்ரோலோடு கலந்து வைத்திருக்கும். அளவு மிஞ்சினால் கலவை முறிந்துவிடும். தண்ணீரும் எத்தனாலும் ஜோடி சேர்ந்து டேங்கின் அடிக்குப் போய்விடும். பெட்ரோல் மேலே மிதக்கும். என்ஜினுக்குக் குழாய் போவது டேங்கின் அடியிலிருந்து! முதலில் போய்ச் சேருவது எது என்று சொல்ல வேண்டியதில்லை. அடியிலே நிற்கும் அந்தத் தண்ணீர் இரும்பு டேங்கில் துருவையும் ஏற்றிவிடும்.

20 சதவிகித எத்தனால் உள்ள பெட்ரோல், 10 சதவிகிதத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் தண்ணீரைத் தாங்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காற்றின் ஈரம் மட்டும் என்றால் முறிவதற்கு நாள் பிடிக்கும். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கினால்தான் ஆபத்து. பல வண்டிகளில் டேங்க் மூடியைச் சுற்றி விழும் மழைத் தண்ணீர் வழிந்துபோக ஒரு சின்னத் துளை இருக்கிறது. மண் அடைத்துக்கொண்டால் தண்ணீர் மூடியைச் சுற்றிக் குளம் கட்டும். பிறகு உள்ளே கசியும். ஒரு மெல்லிய கம்பியால் அந்தத் துளையைக் குத்திவிட இரண்டு நிமிடம் ஆகாது. பத்துப் பேரில் ஒருவராவது செய்கிறார்களா?

டேங்கை நிரப்புவதா, காலி செய்வதா?

இதில் இரண்டு கட்சி உண்டு. "நிரப்பி வை, உள்ளே காற்றுக்கு இடம் இல்லாவிட்டால் துரு பிடிக்காது" என்பது ஒரு கட்சி. "சொட்டு இல்லாமல் இறக்கிவிடு" என்பது இன்னொரு கட்சி. இரண்டு பேர் சொல்வதும் சரி. எத்தனை நாள் நிற்கப்போகிறது, எங்கே நிற்கப்போகிறது என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டும்.

ஒரு மாதம் வரை என்றால் பெட்ரோலைப் பற்றிக் கவலையே வேண்டாம். மூன்று மாதம் வரை என்றால், வீட்டுக்கு வெளியே ஷெட் இருந்தால், புதுப் பெட்ரோலால் டேங்கை நிரப்பி வைப்பது நல்லது. கழுத்து வரை ஊற்ற வேண்டாம். வெயிலில் பெட்ரோல் விரியும்; கொஞ்சம் இடம் விட வேண்டும். பெட்ரோல் கெடாமல் காக்கும் மருந்து ஒன்றும் விற்கிறது. "பியூயல் ஸ்டெபிலைசர்" என்று பெரிய உதிரிச் சாமான் கடைகளில் கேட்க வேண்டும். புட்டியில் போட்டிருக்கும் அளவுப்படி புதுப் பெட்ரோலில் கலந்து, திறந்த வெளியில் பத்து நிமிடம் என்ஜினை ஓடவிட்டால், மருந்து கலந்த பெட்ரோல் உள்ளே எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும். ஏற்கனவே ஊசிப்போன பெட்ரோலில் இதை ஊற்றிப் பயன் இல்லை. கெட்ட பாலைக் காய்ச்சுவது போலத்தான்.

மூன்று மாதத்துக்கு மேல் என்றால்? அல்லது வீட்டுக்குள்தான் வண்டியை வைக்க வேண்டும் என்றால்? காலி செய்துவிடுவதே மேல் என்பது நம் கருத்து.

கார்புரேட்டர் உள்ள வண்டியில் இது எளிது. (சோக் இருந்தால் அது கார்புரேட்டர் வண்டி என்று பெரும்பாலும் தெரிந்துகொள்ளலாம்.) டேங்கை இறக்கிய பிறகு, பெட்ரோல் குழாயை மூட வேண்டும். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள சின்ன ஸ்குரூவைத் தளர்த்தினால், தேங்கி நிற்கும் பெட்ரோல் சொட்டுச் சொட்டாக இறங்கிவிடும். கீழே ஒரு தகர டப்பாவை வைத்துப் பிடித்துக்கொள்ளலாம். இந்த ஒரு வேலையைச் செய்தால் பாதித் தொல்லை தீர்ந்தது! வருடக்கணக்கில் நிற்கப்போகும் வண்டி என்றால், காய்ந்த இரும்பு டேங்கில் கால் லிட்டர் என்ஜின் ஆயிலை விட்டு, எல்லாப் பக்கமும் படும்படி சாய்த்துச் சாய்த்து ஆட்டி, மிச்சத்தை வடித்துவிட வேண்டும். அந்த எண்ணெய்ப் பூச்சு துருவைத் தடுக்கும். மறுபடி ஓட்டும்போது கொஞ்சம் பெட்ரோல் விட்டு அலசிக் கொட்டிவிடலாம்.

2020 ஏப்ரல் முதல் தேதியில் புகை விதி கடுமையானது. அதன் பிறகு வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் இல்லை. பெட்ரோலை ஊசி போடுவது போலப் பீய்ச்சும் ஏற்பாடு வந்துவிட்டது. இந்த வண்டிகளில் டேங்குக்குள்ளேயே ஒரு மின்சார பம்ப் இருக்கிறது. அது குளிர்ச்சியாக இருப்பதற்குப் பெட்ரோலில் முழுகியிருக்க வேண்டும். ஆகவே, பெட்ரோல் தீரும் வரை என்ஜினை ஓடவிட்டுக் காலி செய்யும் பழைய தந்திரம் இங்கே உதவாது. டேங்கில் எண்ணெயும் விடக் கூடாது. மூன்று, நான்கு மாதம் என்றால் மருந்து கலந்த புதுப் பெட்ரோல். அதற்கு மேல் என்றால் மெக்கானிக்கிடம் சொல்லி, முறையாக இறக்கச் சொல்லுங்கள்.

தாத்தாவின் புல்லட் வீட்டில் இருந்தால் அதற்குத் தனி மரியாதை. 1955-ம் ஆண்டில் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி தொடங்கியது. அந்தக் காலத்துப் புல்லட்டும், மைசூரிலிருந்து வந்த ஜாவாவும் எத்தனாலை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. அவற்றின் பழைய ரப்பர் குழாய்களும் வாஷர்களும் எத்தனாலில் ஊறி, உப்பி, வெடித்துவிடலாம். (20 சதவிகித எத்தனாலைத் தாங்கும் பொருட்களால் வண்டிகளைச் செய்வது 2023 ஏப்ரலில்தான் தொடங்கியது.) பழைய வண்டியைக் காலி டேங்குடன் வைப்பதே புத்திசாலித்தனம்.

விளக்கும் பெட்ரோலும்

இதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. கண்ணுக்குத் தெரியாது. தரையோடு தரையாக ஊர்ந்து போகும். நடையில் டேங்கைத் திறந்து வைத்துவிட்டு, பூஜை அறையில் விளக்கு எரிந்தால் போதும். சமையல் அறையில் அடுப்பு எரிந்தால் போதும். ஆவி அங்கே போய்த் தீயை அழைத்துக்கொண்டு வந்துவிடும்!

பெட்ரோலை இறக்கும் வேலையைத் திறந்த வெளியில், பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். என்ஜின் ஆறியிருக்க வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. குழந்தைகள் கூடாது. ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். ஒரு வாய்ப் பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

இறக்கிய பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிப் பரணில் வைக்காதீர்கள். தாகம் எடுத்த குழந்தைக்கு பாட்டில்தான் தெரியும், பெட்ரோல் தெரியாது. அது நல்ல பெட்ரோலாக இருந்தால், அன்றைக்கே பக்கத்து வீட்டு வண்டியில் ஊற்றிவிடலாம். சாக்கடையில் கொட்டக் கூடாது.

வாரம் ஒரு ஸ்டார்ட் வேண்டவே வேண்டாம்!

வீட்டுக்கு வீடு நம்பும் ஒரு வைத்தியம் இது. வாரம் ஒரு தடவை வண்டியை ஸ்டார்ட் செய்து, இரண்டு நிமிடம் உறுமவிட்டு, அணைத்துவிடுவது. வண்டி நன்றாக இருக்கிறது என்று மனதுக்கு ஒரு திருப்தி. ஆனால் வண்டிக்கு அது மெல்லக் கொல்லும் விஷம்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது! நம்ப முடியவில்லையா? பெட்ரோலில் ஹைட்ரஜன் இருக்கிறது. காற்றில் ஆக்சிஜன் இருக்கிறது. இரண்டும் எரிந்து சேர்ந்தால் தண்ணீர். மார்கழி காலையில் வண்டி கிளம்பும்போது சைலன்சர் முனையில் சொட்டுகிறதே, அதே தண்ணீர்தான்.

தூரமாக ஓடும் வண்டியில் என்ஜினும் சைலன்சரும் நன்றாகச் சூடேறும். தண்ணீர் ஆவியாகி வெளியே போய்விடும். இரண்டு நிமிடத்தில் அணைத்தால் அது எங்கே போகும்? சைலன்சருக்குள் தங்கி, உள்ளிருந்தே துருவேற்றும். என்ஜின் ஆயிலில் கலந்து, ஆயிலை மோர் போல ஆக்கிவிடும். செல்ப் ஸ்டார்ட்டர் ஒரு தடவை சுற்றுவதற்கு பேட்டரி செலவழித்ததை, இரண்டு நிமிட ஓட்டம் திருப்பிக் கொடுக்காது. இப்படி ஒவ்வொரு வாரமும் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக இளைக்கும்.

மூடிய அறைக்குள் ஓடவிட்டால் வேறு விபரீதமும் உண்டு. அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு வாசனை இல்லை. மயக்கம் வருவதற்கு முன் தெரியவும் தெரியாது.

ஓட்டினால் ஒழுங்காக ஓட்ட வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை, லைசென்ஸ் உள்ள ஒருவர் அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டிவிட்டு வந்தால், அதைவிடச் சிறந்த பராமரிப்பு கிடையாது. அதற்கு ஆள் இல்லையா? அப்படியானால் தொடாமல் விட்டுவிடுங்கள். பத்தாம் வகுப்புத் தம்பியிடம் மட்டும் சாவி போகக் கூடாது. 2019-ம் ஆண்டு திருத்தப்பட்ட சட்டப்படி, சிறுவன் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கு மூன்று வருடம் வரை சிறையும், 25 ஆயிரம் ரூபாய் அபராதமும் கிடைக்கலாம்.

ஒரு ஸ்பூன் எண்ணெய்

நிறுத்துவதற்கு முன் என்ஜின் ஆயிலை மாற்றிவிடுங்கள். "வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாமே, புது ஆயில் வீணாகாதா?" என்று தோன்றும். ஓடிப்போன ஆயிலில் அமிலமும் ஈரமும் கலந்திருக்கும். வருடக்கணக்கில் அது உள்ளே இருந்தால், உள்பாகங்களை அரிக்கும்.

ஆறு மாதத்துக்கு மேல் என்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் ஒரு டீ ஸ்பூன் என்ஜின் ஆயில் விடுங்கள். துவாரத்தைத் துணியால் மூடி, சாவியை ஆஃப் செய்து, கிக்கரைக் கையால் நாலைந்து முறை மெதுவாக அழுத்துங்கள். கிக்கர் இல்லாத வண்டியாக இருந்தால், பெரிய ஸ்டாண்டில் நிறுத்தி, டாப் கியரில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றலாம். எண்ணெய் சிலிண்டர் முழுவதும் பூசிக்கொள்ளும். பிறகு பிளக்கை மாட்டிவிடலாம். என்ஜின் துருப்பிடித்து இறுகிப்போவதை இந்த ஒரு ஸ்பூன் எண்ணெய் தடுக்கிறது.

பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள். கழற்றும்போது மைனஸ் கம்பி முதலில். மாட்டும்போது அது கடைசியில். மாதம் ஒரு முறை சார்ஜ் செய்ய வேண்டும். சும்மா கிடந்தாலும் பேட்டரி இறங்கும். இறங்கியபடியே கிடந்தால் பிறகு சார்ஜ் ஏறாது.

வண்டி பெரிய ஸ்டாண்டில் நிற்கட்டும். முன் சக்கரத்துக்கும் அடியில் ஒரு முட்டுக் கொடுத்தால், டயர் ஒரே இடத்தில் நசுங்காது. செயினைத் துடைத்து எண்ணெய் போடுங்கள். நாகப்பட்டினம், தூத்துக்குடி, ராமேஸ்வரம் போன்ற கடலோர ஊர்க்காரர்கள் வர்ணம் இல்லாத இரும்புப் பாகங்கள் மீதும் மெல்ல எண்ணெய் தடவ வேண்டும். உப்புக்காற்று காத்திருக்காது. டயரிலும் பிரேக்கிலும் எண்ணெய் படக் கூடாது!

சைலன்சர் முனையைத் துணியால் அடைப்பது நல்லது. எலியும் ஈரமும் நுழையாது. ஆனால் அடைத்ததை மறந்துவிடுவோம். ஆகவே, ஹேண்டில்பாரில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுங்கள். எலிக்கு வண்டியின் மின்சார ஒயர் என்றால் கொள்ளைப் பிரியம். பக்கத்தில் அரிசி மூட்டையும் பழைய துணி மூட்டையும் இருந்தால், அதுவே அதற்கு அழைப்பு.

மேலே போடுவதற்குப் பழைய பருத்திப் போர்வை போதும். பிளாஸ்டிக் பாய் வேண்டாம். வெளியே தண்ணீர் விடாத பிளாஸ்டிக், உள்ளே இருக்கும் ஈரத்தையும் வெளியே விடாது. இரவில் அது வியர்த்து, வண்டியை நனைக்கும்.

திரும்பி வந்த பிறகு

வந்த அன்றே சாவியைப் போட்டு அழுத்தக் கூடாது. முதலில் சிவப்புத் துணியைப் பாருங்கள். சைலன்சர் துணியை எடுங்கள். ஏர் பில்டரைத் திறந்தால் சில சமயம் ஒரு எலிக்குடும்பமே வரவேற்கும். புதுப் பெட்ரோல், சார்ஜ் ஏற்றிய பேட்டரி, டயரில் காற்று. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்று இருந்தால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். பள்ளம் தேயாமல் புதுசு போல இருந்தாலும், வயதான ரப்பர் மழை ரோட்டில் கைவிடும். டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் பிரேக் ஆயிலையும் மாற்ற வேண்டும். அதுவும் ஈரத்தை இழுக்கும் ஜாதிதான்.

இன்சூரன்ஸ் முடிந்துபோன வண்டியை மெக்கானிக் கடைக்குக்கூட ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். இன்சூரன்ஸ் முடிந்து 90 நாளைக்குள் புதுப்பிக்காவிட்டால், விபத்தில்லாமல் ஓட்டியதற்குக் கிடைக்கும் தள்ளுபடியும் போய்விடும். வெளிநாட்டில் இருக்கும் மகன் அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்து வருடம் வரமாட்டேன் என்று தெரிந்து போகிறவர், வண்டியை விற்றுவிடுவதே நல்லது. பாசத்தால் வைத்திருந்து, கடைசியில் பழைய இரும்புக்குப் போடும் வண்டிகள் நிறைய உண்டு.

கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை. வண்டியோடு கொடுக்கும் கையேட்டில், நீண்ட நாள் நிறுத்தி வைப்பதைப் பற்றி ஒரு பகுதி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் புத்தகம் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலே பீரோவுக்குப் போய்விடுகிறது. வண்டிக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கிச் சாவி கொடுக்கும்போது, ஷோரூம்காரர் தமிழில் பெரிய எழுத்தில் அச்சடித்த ஒரே ஒரு தாளையும் சேர்த்துக் கொடுக்கலாம். இந்த வண்டியில் டேங்கைக் காலி செய்யலாமா, கூடாதா. பேட்டரி எந்தப் பக்கம் இருக்கிறது. கார்புரேட்டர் ஸ்குரூ எது. இவ்வளவு இருந்தால் போதும். முதல் இலவச சர்வீசுக்கு வரும்போது மெக்கானிக் ஒரு முறை தொட்டுக் காட்டிவிட்டால், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது விளங்கிவிடும்.